உங்கள் இயந்திரத்துக்கு இணைய இணைப்பு கேட்கிறார்களா?

புதிதாக இயந்திரம் வாங்கினால் இப்போதெல்லாம் அதன் பேனலுக்குள் உள்ளங்கை அளவில் ஒரு பெட்டியும் சேர்ந்து வருகிறது. பொருத்த வந்தவர், "இதுக்கு ஒரு நெட் கனெக்‌ஷன் மட்டும் குடுத்துடுங்க சார், எந்தப் பிரச்சினை வந்தாலும் நாங்க அங்கிருந்தே பாத்துக்குவோம்" என்கிறார். கொடுக்கலாமா? கொடுத்தால் அவர் அங்கிருந்து எதைப் பார்ப்பார், எதை மாற்றுவார்? வேறு யாராவது அதே வழியில் உள்ளே வந்துவிட்டால்?

நீங்கள் சாயப்பட்டறை நடத்தலாம், நூற்பாலை நடத்தலாம், பால் குளிரூட்டும் நிலையத்தையோ அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர் சுத்திகரிப்பையோ கவனிப்பவராக இருக்கலாம். கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். இதைப் படிக்கக் கணினி அறிவு எதுவும் தேவையில்லை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுக்கலாம். ஆனால் தூரத்திலிருந்து பார்ப்பது வேறு, தூரத்திலிருந்து மாற்றுவது வேறு. இரண்டையும் ஒரே சம்மதத்தில் கொடுத்துவிடாதீர்கள். பார்ப்பதற்கு எந்நேரமும் வழி விடலாம். மாற்றுவதற்கு, ஒவ்வொரு முறையும், உங்கள் ஆள் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு சரி என்று சொன்ன பிறகுதான் வழி திறக்க வேண்டும்.

இயந்திரத்துக்குள் மென்பொருள் எங்கே இருக்கிறது?

பேனல் கதவைத் திறந்து பாருங்கள். காண்டாக்டர்கள், ரிலேக்கள், வண்ண வயர்கள் இவற்றுக்கு நடுவே வரிசையாகச் சிறு விளக்குகள் மினுக்கும் ஒரு பெட்டி இருக்கும். அதுதான் பி.எல்.சி. (எது முடிந்தபின் எது நடக்க வேண்டும் என்று எழுதிவைத்த நிரலை ஓட்டும் சிறு கணினி). தொட்டியில் நீர்மட்டம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று சென்சார்கள் சொல்வதைக் கேட்டு, வால்வைத் திற, மோட்டாரை ஓட்டு என்று அது கட்டளையிடுகிறது. கதவின் வெளிப்பக்கத்தில் உங்கள் ஆபரேட்டர் விரலால் தொடும் திரை எச்.எம்.ஐ. (பி.எல்.சி.யோடு மனிதர் பேசும் திரை). கூடத்தில் உள்ள பல இயந்திரங்களின் நிலையை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டும் மென்பொருளுக்கு ஸ்காடா என்று பெயர்.

பி.எல்.சி. என்ற யோசனை அமெரிக்கப் பொறியாளர் டிக் மோர்லிக்கு 1968இல் தோன்றியது. அதற்கு முன் கார் தொழிற்சாலைகளில், புது மாடல் வரும்போதெல்லாம் நூற்றுக்கணக்கான ரிலேக்களின் வயரிங்கைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டியிருந்தது. பி.எல்.சி. வந்தபின் வயரைத் தொடாமல் நிரலை மட்டும் மாற்றினால் போதும் என்றானது. இன்று அந்த நிரலை வேறு ஊரில் உட்கார்ந்துகொண்டும் மாற்றலாம். வசதியும் ஆபத்தும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன.

நெட் போனால் மெஷின் நின்றுவிடுமா?

நிற்காது, நிற்கவும் கூடாது. நிரல் ஓடுவது உங்கள் பேனலுக்குள். பி.எல்.சி. ஒரு நொடிக்குள் பலமுறை சென்சார்களைப் படித்து, முடிவெடுத்து, கட்டளையிட்டுவிடும். இணையத்தில் ஒரு செய்தி போய்த் திரும்பும் நேரம் அப்படி நிலையானது அல்ல. இப்போது கண் இமைக்கும் நேரத்தில் வரும், அடுத்த முறை சில நொடி தாமதமாகும், மழை பெய்தால் வராமலே போகும். அதனால் பாய்லர் அழுத்தம் கூடினால் தீயைக் குறைப்பது போன்ற வேலையை இணையம் வழியாகச் செய்ய யாராவது திட்டம் தந்தால் உடனே மறுத்துவிடுங்கள். முடிவு பேனலுக்குள்ளேயே எடுக்கப்பட வேண்டும். என்ன முடிவு எடுக்கப்பட்டது என்ற தகவல் மட்டும் இணையத்தில் போகலாம்.

சரி, தூரத்திலிருந்து பார்ப்பதால் எனக்கு என்ன லாபம்?

நடப்பதை அப்படியே காட்டுகிறேன். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை, இரவு ஷிப்ட். சாஃப்ட்ஃப்ளோ மெஷினில் (துணியைக் கயிறுபோல் சுழலவிட்டுச் சாயமேற்றும் இயந்திரம்) தண்ணீர் நிரம்பும் கட்டத்தில் எல்லாம் நின்றுவிட்டது. திரையில் ‘நீர்மட்டம் எட்டவில்லை’ என்று சிவப்பு எழுத்து. சுழற்சி நின்ற துணியில் நேரம் போகப்போக மடிப்புத் தடம் விழும் என்பது எலக்ட்ரீஷியனுக்குத் தெரியும். சர்வீஸ் பொறியாளருக்குப் போன் போடுகிறார். அவர் கோவையில், வீட்டில் லேப்டாப்பைத் திறக்கிறார். பி.எல்.சி.யின் நிரல் ஓட ஓட அவர் திரையில் தெரிகிறது. நிறைவேறிய நிபந்தனைகள் பச்சையாக ஒளிர்கின்றன. தண்ணீர் வால்வுக்குப் போகும் கட்டளை பச்சை. ஆக, பி.எல்.சி. தன் வேலையைச் செய்துவிட்டது. ‘மட்டம் எட்டியது’ என்று சென்சார் சொல்ல வேண்டிய இடம் மட்டும் ஒளிரவில்லை.

"அண்ணா, லெவல் டியூப்ல தண்ணி எவ்வளவு தெரியுது?"

"முக்காலுக்கு மேல இருக்குதுங்க தம்பி."

"அப்ப தண்ணி வந்துருச்சு, சுவிட்ச்தான் சொல்ல மாட்டேங்குது. மெயினை ஆஃப் பண்ணிட்டு அந்த ஃப்ளோட் சுவிட்சோட வயரைப் பாருங்க."

வயர் கழன்றிருந்தது. திருகாணியை முறுக்கியதும் மெஷின் ஓடியது. பொறியாளர் கார் எடுத்து வந்திருந்தால் விடிந்திருக்கும். இங்கே கவனியுங்கள்: அவர் எதையும் மாற்றவில்லை. பார்த்தார், கேட்டார், சொன்னார், அவ்வளவுதான். தொலைதூரப் பராமரிப்பில் கிடைக்கும் நன்மையில் பெரும்பங்கு இப்படிப் பார்ப்பதிலேயே கிடைத்துவிடுகிறது. எரிந்துபோன ரிலே, அடைத்துக்கொண்ட வால்வு, தேய்ந்த பேரிங் இவற்றை எந்த மென்பொருளும் தூரத்திலிருந்து சரிசெய்யாது. எதைக் கழற்ற வேண்டும் என்று சொல்லத்தான் அதனால் முடியும்.

பார்ப்பதற்கு மட்டும் வழிவிடுவது புதிய பழக்கமும் அல்ல. 2011 ஜனவரியில் கழிவுநீர்ப் பிரச்சினைக்காக, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை அந்த ஊர் மறந்திருக்காது. 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களும் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களும் கழிவின் அளவுகளை இணையம் வழியாக இடைவிடாமல் அனுப்பும் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. அளவு வெளியே போகும், வாரியம் பார்க்கும். ஆனால் வாரியத்திலிருந்து யாரும் உங்கள் பம்பை ஓட்டவோ நிறுத்தவோ அந்தக் கருவி வழி தருவதில்லை. சர்வீஸ் நிறுவனத்தோடும் இதே ஏற்பாட்டில் தொடங்குங்கள்.

அதே இரவில் அவர் மாற்றியும் இருக்கலாம் அல்லவா?

ஆமாம். இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். சர்வீஸ் மென்பொருளில் ‘ஃபோர்ஸ்’ என்று ஒரு வசதி உண்டு (சென்சார் சொல்லாததைச் சொன்னதாக பி.எல்.சி.யை நம்பவைப்பது). அந்தப் பொறியாளர் தூக்கக் கலக்கத்தில், ‘மட்டம் எட்டியது’ என்று ஃபோர்ஸ் செய்திருந்தாலும் மெஷின் ஓடியிருக்கும், உங்களுக்கும் மகிழ்ச்சியாக இருந்திருக்கும். காலையில் அதை எடுக்க மறந்தால்? அடுத்த லாட்டுக்குத் தண்ணீர் வராவிட்டாலும் மெஷின் வந்ததாகவே நினைக்கும். பம்ப் வறண்டு ஓடும், சீல் போகும். என்ன காரணம் என்று யாருக்கும் புரியாது, ஏனென்றால் திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும்.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. ஃபிட்டர் இயந்திரத்துக்குள் கை விட்டு வேலை செய்கிறார். தூரத்தில் இருப்பவருக்கு அது தெரியாது. அவர் ஒரு வால்வையோ மோட்டாரையோ சோதித்துப் பார்க்க ஓட்டினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அதனால் மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். அவசர நிறுத்தப் பொத்தான் வயர் வழியாக நேரடியாக மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். நிரலின் தயவில் இருக்கக் கூடாது. உள்ளே கை விடுபவர் மெயினை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். தூரத்திலிருந்து மாற்றம் நடக்கும் நேரம் முழுக்க, போனைக் காதில் வைத்தபடி ஒருவர் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

எப்படி இணைப்பார்கள்? எதற்குச் சம்மதிக்கலாம்?

பொதுவாக மூன்று வழி. முதல் வழியில், உங்கள் ரவுட்டரில் ஒரு ‘போர்ட்’ திறந்து (வெளியிலிருந்து வரும் இணைப்பை நேராக ஒரு கருவிக்கு அனுப்பும் வழி) பி.எல்.சி.யை இணையத்தில் அப்படியே விட்டுவிடுவார்கள். செலவு இல்லை, ஐந்து நிமிட வேலை. இதற்கு மட்டும் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். திறந்த வழியில் உங்கள் பொறியாளர் வரலாம், உலகில் வேறு யாரும் வரலாம். இணையத்தில் இப்படித் திறந்து கிடக்கும் கருவிகளைத் தேடிப் பட்டியலிடுவதற்கென்றே ‘ஷோடான்’ என்ற தேடுபொறி 2009 முதல் இயங்குகிறது. உங்கள் பி.எல்.சி.யைக் கண்டுபிடிக்க யாரும் உங்கள் பட்டறையின் பெயரைக்கூடத் தெரிந்துவைத்திருக்க வேண்டாம்.

உள்ளே வந்தவரை ‘நீ யார்’ என்று பி.எல்.சி. கேட்காதா? பெரும்பாலும் கேட்காது. தொழிற்சாலைக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் முறைகளில் மிகப் பரவலான ஒன்று மோட்பஸ். அது 1979இல் பிறந்தது. அந்தக் காலத்தில் கருவிகள் ஒரே கூடத்துக்குள் வயரால் கட்டப்பட்டிருந்தன, அந்நியர் வர வழியே இல்லை. அதனால் கேட்பவர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் வைக்கப்படவில்லை. யார் சொன்னாலும் கேட்கும். அந்தப் பழைய பேச்சுமுறையை இணையத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

இரண்டாவது வழி டீம்வியூவர், எனிடெஸ்க் போன்றவை. பேனல் பக்கத்தில் உள்ள கணினியின் திரையை இன்னொருவர் தன் கணினியில் பார்த்து இயக்குவது. இவற்றைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவை எப்போதும் திறந்தே இருக்கும்படி, ஆளில்லாமலே உள்ளே வரும் நிரந்தர பாஸ்வேர்டோடு அமைக்கப்படுவதுதான் குற்றம். தேவையானபோது உங்கள் ஆள் திறந்து, அந்த நேரத்துக்கான எண்ணைச் சொல்லி, வேலை முடிந்ததும் மூடினால் சிறிய இடங்களுக்கு இது சமாளிக்கக்கூடிய ஏற்பாடு.

மூன்றாவது, முதலில் சொன்ன அந்தப் பெட்டி, அதாவது கேட்வே. இது உள்ளேயிருந்து வெளியே ஒரு வி.பி.என். இணைப்பை (இடையில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிய தனி வழி) ஒரு நடுவிடத்துச் சர்வர் வரை ஏற்படுத்துகிறது. பொறியாளரும் தன் பக்கத்திலிருந்து அதே சர்வருக்கு வருகிறார். இருவரும் அங்கே சந்திக்கிறார்கள். வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யார் வருவார் என்று காத்திருக்காமல், வீட்டுக்குள்ளிருந்து நாமே போன் செய்து பேசுவது போன்றது இது. வெளியிலிருந்து தட்டிப் பார்ப்பவருக்குக் கதவே தெரியாது. செலவு கூடுதல்தான். ஆனால் என் பரிந்துரை இதற்கே.

ஒரு நடைமுறைத் தகவல்: இந்தப் பெட்டிக்கு உங்கள் அலுவலக நெட்டைக் கொடுக்காமல் தனியாக ஒரு டேட்டா சிம் போட்டுவிடுவது நல்லது. அளவுகளை மட்டும் அனுப்ப மிகக் குறைந்த டேட்டா போதும். இதற்குப் பரவலாகப் பயன்படும் எம்.கியூ.டி.டி. என்ற முறை 1999இல் உருவானதே, பாலைவனங்களைக் கடந்து போகும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகச் சிக்கனமாகக் கண்காணிக்கத்தான்.

‘நம்ம சின்னப் பட்டறையை எவன் வந்து தாக்கப்போறான்?’

எல்லோரும் கேட்பது இதைத்தான். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அலிக்விப்பா என்று ஒரு சிற்றூர். 2023 நவம்பர் 25, சனிக்கிழமை. பக்கத்து இரண்டு ஊர்களுக்குக் குடிநீரை அழுத்தம் கூட்டி அனுப்பும் அதன் பம்ப் நிலையத்தில் எச்சரிக்கை மணி ஒலித்தது. ஆட்கள் போய்ப் பார்த்தால் திரையில் வழக்கமான அளவுகள் இல்லை. இஸ்ரேலில் தயாரான கருவிகள் எல்லாம் எங்கள் இலக்கு என்று ஒரு மிரட்டல் செய்தி நின்றது. அந்தக் கருவியைச் செய்தது யூனிட்ரானிக்ஸ் என்ற இஸ்ரேலிய நிறுவனம். தாக்கியவர்கள் ஈரானோடு தொடர்புள்ளவர்கள் என்று அமெரிக்க அரசு அமைப்புகள் கூறின. அலிக்விப்பாவின்மீது அவர்களுக்கு எந்தக் கோபமும் இல்லை. அந்த ஊர் இருப்பதுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்தக் கம்பெனியின் கருவி, இணையத்தில் திறந்து கிடந்தது, மாட்டியது.

எப்படி நுழைந்தார்கள்? பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அந்த வகைக் கருவிகள் தொழிற்சாலையிலிருந்து ‘1111’ என்ற பாஸ்வேர்டோடு வந்தன. வாங்கியவர்கள் பலர் அதை மாற்றவே இல்லை. அலிக்விப்பாவில் ஊழியர்கள் அந்த அமைப்பை அணைத்துவிட்டுக் கையால் பம்பை இயக்கினார்கள், குடிநீர் கெடவில்லை. கையால் இயக்கத் தெரிந்த ஆள் இருந்ததால்தான் அது சாத்தியமானது. உங்கள் கூடத்தில் இன்று எத்தனை பேருக்குத் திரை இல்லாமல் இயந்திரத்தை ஓட்டத் தெரியும்? ஷிப்டுக்கு ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

நல்ல பாஸ்வேர்டு வைத்துவிட்டால் போதாதா?

போதாது. 2015 டிசம்பர் 23, உக்ரைனின் மேற்குப் பகுதி. மின்விநியோக நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஒரு ஊழியரின் கண்ணெதிரே மவுஸ் அம்பு தானாக நகர்ந்தது. ஒரு துணைமின் நிலையத்தின் பிரேக்கரைத் தேர்ந்து, திறந்து, உறுதிசெய்து, அடுத்ததற்குப் போனது. அவர் மவுஸைப் பிடித்து இழுத்தும் பயனில்லை. அவரையே கணினியிலிருந்து வெளியேற்றிவிட்டது. மூன்று விநியோக நிறுவனங்கள், சுமார் 2,25,000 வாடிக்கையாளர்கள், சில மணி நேரம் இருட்டு. ஊழியர்கள் வண்டியெடுத்துத் துணைமின் நிலையங்களுக்கே போய்க் கையால் பிரேக்கர்களைப் போட்டு மின்சாரத்தைக் கொண்டுவந்தார்கள். தாக்கியவர்கள் பூட்டை உடைக்கவில்லை. பல மாதம் முன்பே மின்னஞ்சல் இணைப்பில் பொறி வைத்து உள்ளே புகுந்து, ஊழியர்களின் சொந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் திருடி, தொலைதூர வேலைக்காக வைத்திருந்த அதே வி.பி.என். வழியாக வந்தார்கள்.

அமெரிக்காவின் கலோனியல் எண்ணெய்க் குழாய் நிறுவனத்தில் 2021 மே மாதம் நடந்ததும் இதற்கு நெருக்கமானதுதான். யாரும் பயன்படுத்தாமல் விட்டுவிட்ட ஒரு பழைய வி.பி.என். கணக்கு, பாஸ்வேர்டு மட்டுமே காவல். அதன் வழியாகப் புகுந்தவர்கள் அலுவலகக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டார்கள். நிறுவனம் பயந்து குழாயையே நிறுத்தியது, 44 லட்சம் டாலர் கொடுத்தது.

ஆகவே இரட்டைச் சரிபார்ப்பு வேண்டும் (பாஸ்வேர்டோடு, அந்த நேரத்துக்குக் கைபேசியில் வரும் எண்ணையும் கேட்பது). வங்கிக் கணக்குக்கு ஓ.டி.பி. இல்லாமல் இருக்க மாட்டீர்கள் அல்லவா? பேனலுக்கும் கேளுங்கள். அடுத்தது, ஆளுக்கு ஒரு கணக்கு. ‘சர்வீஸ்’ என்ற ஒரே பெயரில் பத்துப் பேர் உள்ளே வந்தால், யார் எதை மாற்றினார் என்று பிறகு தேட முடியாது.

அவர் நம்ம ஆள்தானே, பத்து வருடப் பழக்கம்?

இருக்கட்டும். அவர் வேலையை விட்டுப் போகும் அன்று அவருடைய கணக்கும் போக வேண்டும். ஆஸ்திரேலியாவில் மரூச்சி என்ற பகுதியின் கழிவுநீர் அமைப்பில் 2000ஆம் ஆண்டு பம்புகள் காரணமில்லாமல் நிற்கத் தொடங்கின. மென்பொருள் கோளாறு என்று நினைத்துத் தேடினார்கள். அந்த அமைப்பை நிறுவித் தந்த நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்தவர்தான் காரணம். நகராட்சியில் கேட்ட வேலை கிடைக்காத கோபத்தில், காரில் ரேடியோ கருவியும் லேப்டாப்பும் வைத்துக்கொண்டு பம்புகளுக்குக் கட்டளை அனுப்பிக்கொண்டிருந்தார். சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் கலந்தது. அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. செத்துப்போன மீன்கள் திரும்பவில்லை.

மாற்றுவதற்கான வழியைப் பூட்டுவது எப்படி?

இதற்கு நல்ல தொழில்நுட்பம் பெரும்பாலும் உங்கள் பேனலிலேயே இருக்கிறது. பல பி.எல்.சி.களின் முகப்பில் ஒரு சாவி அல்லது சிறு சுவிட்ச் உண்டு. ‘ரன்’ நிலையில் வைத்தால் நிரல் ஓடும், பல மாடல்களில் தூரத்திலிருந்து அதை மாற்ற முடியாது. ‘புரோகிராம்’ அல்லது ‘ரிமோட்’ நிலையில் வைத்தால் மாற்றலாம். பொருத்த வந்தவர்கள் தங்கள் வசதிக்காக அதை மாற்றக்கூடிய நிலையிலேயே விட்டுவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. 2017இல் சவுதி அரேபியாவில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில், வெடிப்பைத் தடுக்க வேண்டிய பாதுகாப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குள்ளேயே தீய நிரல் ஏற்றப்பட்டது. அந்தக் கருவிகளின் சாவி ‘புரோகிராம்’ நிலையில் விடப்பட்டிருந்தது. நல்லவேளையாகக் கருவிகள் குழம்பி ஆலையை நிறுத்திவிட்டன, விஷயம் வெளியே வந்தது.

எனவே சாவியை ‘ரன்’ நிலையில் திருப்பி, எடுத்து, மெயின்டனன்ஸ் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் மாடலில் அது எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று சர்வீஸ் ஆளிடம் எழுதி வாங்குங்கள். சாவி இல்லாத மாடல் என்றால், கேட்வே பெட்டியின் தொலைதூர வழிக்கு நல்ல தரத்தில் ஒரு சாவி சுவிட்ச் போடச் சொல்லுங்கள். பல கேட்வேக்களில் இதற்கென்றே ஒரு உள்ளீடு இருக்கிறது: சாவியைத் திருப்பினால்தான் தொலைதூர வழி திறக்கும். பொறியாளர் போன் செய்வார், உங்கள் ஆள் திருப்புவார், வேலை முடியும், மறுபடி திருப்புவார். அளவுகளை வெளியே அனுப்பும் வழி தனியாக, எப்போதும் போல ஓடிக்கொண்டிருக்கட்டும்.

அலுவலக வைஃபையிலேயே எல்லாவற்றையும் சேர்த்துவிட்டால் என்ன?

சேர்க்காதீர்கள். கணக்குப்பிள்ளை மின்னஞ்சல் திறக்கும் கணினியும் பி.எல்.சி.யும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால், அங்கே வந்த வைரஸ் இங்கே நடந்து வந்துவிடும். நம் மாநிலத்திலேயே பெரிய உதாரணம் உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் இணையத்தோடு இணைந்த நிர்வாகக் கணினி ஒன்றில் தீய மென்பொருள் புகுந்ததை 2019 அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அந்தக் கணினி நிலையத்தின் முக்கிய உள் நெட்வொர்க்கிலிருந்து பிரிக்கப்பட்டிருந்ததால் உலையின் கட்டுப்பாடு பாதிக்கப்படவில்லை என்றும் விளக்கியது. உங்கள் பட்டறைக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். இயந்திரங்களுக்குத் தனி சுவிட்ச் (கருவிகளை வயரால் இணைக்கும் பெட்டி), தனி ரவுட்டர், அதில் வைஃபை அணைக்கப்பட்டது: இவ்வளவு செய்தாலே பெரும்பகுதி அடைபட்டுவிடும்.

வாங்கும்போது என்ன கேட்டு எழுதி வாங்க வேண்டும்?

விலை பேசும் நாளில் உங்கள் கை ஓங்கியிருக்கும். பில் கட்டிய பிறகு அப்படி இருக்காது. ஆகவே ஆர்டர் கொடுக்கும்முன் கேளுங்கள். பி.எல்.சி. நிரலின் முழுப் பிரதியும், அதைத் திறக்கும் பாஸ்வேர்டும் எனக்குத் தரப்படுமா? பல நிறுவனங்கள் தருவதில்லை. அந்த நிறுவனம் நாளை மூடப்பட்டாலோ, பழைய பி.எல்.சி.யில் பேட்டரி தீர்ந்து நிரல் அழிந்தாலோ, இயந்திரம் இரும்புக் குவியல்தான். தருகிறோம் என்றால், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் புதிய பிரதியைத் தர வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தப் பிரதியை எப்போதும் நெட்டில் இருக்கும் கணினியில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு பென்டிரைவில், தேதி எழுதி, பீரோவில் வையுங்கள்.

ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடும்போது, யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது என்ற பட்டியலைக் கேளுங்கள். ஆள் மாறினால் அன்றே தெரிவிக்க வேண்டும் என்று எழுதுங்கள். உங்கள் உற்பத்தி அளவுகள் அவர்கள் சர்வரில் போய்ச் சேர்கின்றன அல்லவா, அவற்றை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பதையும் சேருங்கள். எந்த லாட் எத்தனை மணிக்கு முடிந்தது என்ற விவரம் உங்கள் போட்டியாளருக்கு விலைமதிப்புள்ளது. ‘தொலைவிலிருந்து நிறுத்தும் உரிமை எங்களுக்கு உண்டு’ என்று சிறிய எழுத்தில் எங்காவது இருக்கிறதா என்றும் பாருங்கள். தவணை பாக்கிக்காக இயந்திரத்தைத் தூரத்திலிருந்து பூட்டும் வாய்ப்பு அது.

ஏதாவது நடந்துவிட்டால் யாரிடம் சொல்வது?

முதலில் கேட்வே பெட்டியின் நெட் வயரைப் பிடுங்குங்கள், சிம் என்றால் பெட்டியின் கரண்டை நிறுத்துங்கள். இயந்திரத்தைக் கையால் இயக்கும் நிலைக்கு மாற்றுங்கள். திரையில் தெரிவதைக் கைபேசியில் படம் எடுங்கள். அவசரத்தில் எதையும் அழிக்காதீர்கள், நிரலை மறுபடி ஏற்றாதீர்கள், தடயம் போய்விடும். சட்டக் கடமையும் உண்டு. சைபர் தாக்குதல்களைக் கையாளும் மத்திய அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவின்படி, இத்தகைய சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அதனிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் ஸ்காடா போன்ற தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அமைப்புகள்மீதான தாக்குதலும் பெயர் சொல்லியே இருக்கிறது. கணினிகளின் பதிவுகளை (யார் எப்போது நுழைந்தார் என்ற குறிப்புகள்) 180 நாள் வைத்திருக்கவும் அது சொல்கிறது. உங்கள் கேட்வே எத்தனை நாள் பதிவை வைத்திருக்கிறது என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் கூடத்தில் ஏற்கெனவே எல்லாம் திறந்துதான் கிடக்கிறது போல. எங்கிருந்து தொடங்குவது?

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒவ்வொரு பேனலாகத் திறந்து பாருங்கள். நெட் வயர், சிம், ஆன்டெனா, வைஃபை டாங்கிள் எது இருந்தாலும் இயந்திரத்தின் பெயரோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். யாருக்காகப் போட்டது என்று தெரியாத இணைப்பைக் கழற்றிவிடுங்கள். தேவைப்பட்டவர் தானே போன் செய்வார். அப்போது பேசிக்கொள்ளலாம். ரவுட்டரைப் போட்ட கேபிள்காரரிடம், திறந்திருக்கும் போர்ட் எல்லாவற்றையும் மூடச் சொல்லுங்கள். டீம்வியூவர், எனிடெஸ்க் இருக்கும் கணினிகளில் நிரந்தர பாஸ்வேர்டை நீக்குங்கள். கருவியோடு வந்த 1111, 1234 வகை எண்களை மாற்றுங்கள். நிரலின் பிரதி எந்த இயந்திரத்துக்கு இல்லை என்று அதே நோட்டில் குறியுங்கள்.

இவற்றுக்கு ஒரு வேலைநாள் போதும், புதிதாக வாங்க வேண்டியது பெரும்பாலும் எதுவுமில்லை. சாவி சுவிட்சும் தனி ரவுட்டரும் அடுத்த மாதச் செலவில் சேரட்டும். நோட்டை மெயின்டனன்ஸ் அறையிலேயே வையுங்கள். தொலைதூர வழி திறக்கும் ஒவ்வொரு முறையும் தேதி, திறந்த நேரம், உள்ளே வந்தவர் பெயர், மாற்றியது என்ன, மூடிய நேரம் என ஒரு வரி எழுதி, பக்கத்தில் நின்றவர் கையெழுத்துப் போடட்டும். ஃபோர்ஸ் எதையாவது விட்டுவிட்டுப் போனால் அதற்குச் சிவப்பு மையில் தனி வரி.